முகம் மட்டும் மிஞ்சிய இன்ஜின்கள்

டீசல் இன்ஜினிலிருந்து சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார்களைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சிய உடலைப் பயணிகள் ரயிலின் ஒரு முனையில் கோத்து ஓட்டுவது விசித்திரமாகத் தோன்றினாலும், நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ரயில்வே 1970களில் தொடங்கி ஏறத்தாழ அந்நூற்றாண்டின் இறுதிவரை அதைத்தான் செய்தது. அந்த உடல்கள், ஆல்கோ நிறுவனம் 1946 முதல் ஷெனெக்டடி நகரில் உருவாக்கிய எஃப்.ஏ. வகையைச் சேர்ந்தவை. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரே பேட்டன் வடிவமைத்த அவற்றின் நிமிர்ந்த, சற்றே கர்வமான மூக்கு சரக்கு ரயில்களுக்கு வாய்த்தது வீண் ஆடம்பரம் என்று நினைப்போர் அதை ஒருமுறையேனும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நியூ ஹேவன், லூயிவில்–நாஷ்வில் முதலிய ரயில்வேக்கள் கழித்துவிட்ட இவ்வின்ஜின்களை லாங் ஐலண்ட் வாங்கியதற்குக் காரணம் எளியது. இன்ஜின் ஒரு திசையில் இழுத்துச் சென்று, திரும்பும்போது அதே இடத்திலிருந்து தள்ளிவரும் ‘புஷ்-புல்’ முறையில், கடைசி நிலையத்தில் அதைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகும் வேலை மிச்சமாகும். ஆயினும் தள்ளும்போது ஓட்டுநர் முன்னால் அமர ஓர் அறை வேண்டும். பெட்டிகளின் விளக்குக்கும் வெப்பத்துக்கும் மின்சாரமும் வேண்டும். அன்று ரயிலை இழுத்த ஜி.பி.38-2 வகை இன்ஜின்களோ பெட்டிகளுக்கு மின்சாரம் தருபவை அல்ல. ஓட்டுநர் அறையும் மின்னாக்கியும் ஒருங்கே அமைந்த பழைய எஃப்.ஏ. இவ்விரு குறைகளையும் தீர்த்தது. ரயில்வேக்காரர்கள் அதை ‘பவர் பேக்’ என்றே அழைத்தனர்.

பொய்க்கால் குதிரையின் கம்பீரமெல்லாம் முகத்தில் இருக்க, நடப்பது வேறொருவரின் கால்கள் என்பதை அறிந்தே கூட்டம் ரசிப்பதைப் போல, அதன் உண்மை நிலை அறிந்த ஆர்வலர்களும் அதை விரும்பிப் படமெடுத்தனர். நாள்தோறும் வேலைக்குச் சென்றுவந்த பயணிகளுக்கு அந்த ரசனை வாய்த்திருக்க நியாயமில்லை. கிழக்கு ஆற்றின் அடியிலுள்ள சுரங்கப்பாதைக்குள் டீசல் ரயில்கள் நுழைய முடியாததால், மன்ஹாட்டனுக்குச் செல்வோர் ஜமைக்கா நிலையத்தில் இறங்கி மின்ரயிலுக்கு ஓட வேண்டியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடும் ‘டேஷிங் டேன்’ என்ற பயணியையே அந்த ரயில்வே ஒருகாலத்தில் தன் சின்னமாக வைத்திருந்தது. தன் வாடிக்கையாளரின் அவதியை இவ்வளவு நேர்மையாக விளம்பரப்படுத்திய நிறுவனங்கள் அரிது.

ஆல்கோ 1969இல் இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும், அதன் வடிவமைப்பில் வாராணசியில் உருவான டபிள்யூ.டி.எம்.2 இன்ஜின்கள் வழியே ஆல்கோவுக்கே உரிய கரும்புகையும் கரகரத்த உறுமலும் தமிழ்நாட்டுத் தண்டவாளங்களிலும் நெடுங்காலம் பழகியவை. லாங் ஐலண்டிலோ, 1990களின் இறுதியில் இரட்டை அடுக்குப் பெட்டிகளும், டீசலிலும் மின்தண்டவாளத்திலும் ஓடக்கூடிய புதிய இன்ஜின்களும் வந்தன. ஜமைக்காவில் இறங்காமலே மன்ஹாட்டன் செல்லும் வசதி டீசல் தடத்துப் பயணிகளில் ஒருசாராருக்குக் கிடைத்தது. பவர் பேக்குகளில் சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. பிற பழைய இரும்பாயின.