மெதுவாக ஓடக் கற்றது

செர்காமில் வாழும் நம்மவர்களுக்கு ஓட்டமென்பது புதிய விஷயமன்று. பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று லயத்திலிருந்து ஓடியவர்களும், மழை இறங்குமுன் மங்கிலுள்ள பாலைச் சேர்த்துவிட வேண்டுமென்று மரத்துக்கு மரம் ஓடியவர்களுமே நம்மைப் பெற்றவர்கள். ஆனால், வயிற்றுப்பாட்டுக்காக அல்லாமல், ஒருவன் கையிலிருந்து பணங்கட்டி 42.195 கிலோமீட்டர் ஓடப் போகிறான் என்று கேள்விப்பட்டால், இவனுக்கு என்ன வந்துவிட்டது என்று கேட்பவர்களும் அவர்களே. என் தாயாரும் அப்படித்தான் கேட்டார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த தகப்பனாரின் வலது காலை, நீரிழிவு முற்றியதால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்த ஆண்டில்தான் நான் ஓடத் தொடங்கினேன் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று.

அப்போது எனக்கு வயது 44. முதன்முறை கோலாலம்பூரில் ஓடியபோது, தோட்டத்திலே உரமேறிய உடம்புக்குப் பயிற்சி எதற்கு என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது. முதற்பாதியை 2 மணி 5 நிமிடத்தில் கடந்தேன். முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் கால்கள் என் சொற்படி நடக்க மறுத்துவிட்டன. மீதியைப் பெரும்பாலும் நடந்தே தீர்த்து, 4 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். வயதாகிவிட்டது, நம் தலையெழுத்து இவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். மேடையிலே ஏறினால் தலையெழுத்தைக் கண்டித்துப் பேசுகிறவன் நான்!

நண்பரொருவர் மெர்லிமாவிலுள்ள ஓர் அம்மையாரிடம் போகச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபது வயதைக் கடந்தவர், பள்ளிப் பிள்ளைகளை ஓட்டத்துக்குப் பழக்கியவர். ஒரு பெண்ணிடம் போய் ஓடக் கற்றுக்கொள்வதா என்று இரண்டு மாதம் தயங்கினேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. பெண்ணுரிமை பேசுவது வேறு, ஒரு பெண்ணின் முன்னே மாணவனாக நிற்பது வேறு என்பதை அந்த இரண்டு மாதத்தில்தான் கண்டேன்.

அக்கா அவர்களும் தோட்டத்துப் பெண்தான். தாப்பாவிலிருந்து கிளம்பிய மு. இராஜமணி 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966, 1967 ஆகிய ஈராண்டும் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரைப்பற்றிப் படித்துவிட்டு, வெறுங்காலோடு பள்ளித் திடலைச் சுற்றி ஓடிய சிறுமி இவர். மாநிலப் போட்டிக்குப் பெயர் வந்தபோது, வயதுவந்த பெண் அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு ஆண்கள் முன்னே ஓடுவதா என்று வீட்டிலே தடுத்துவிட்டார்கள். லயத்துப் பெரியவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 1928 இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியதும், பெண்ணுடல் இதைத் தாங்காதென்று கூக்குரல் எழுப்பி, 1960 வரை அப்பந்தயத்தையே நீக்கி வைத்திருந்தவர்கள் மெத்தப் படித்த கனவான்கள். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1984 இல்தான். அதில் வென்ற ஜோன் பெனாயிட் ஓடிய நேரம் 2 மணி 24 நிமிடம் 52 வினாடி. என் நேரத்தில் பாதிக்கும் குறைவு!

நிற்க. அக்கா எனக்கு இட்ட முதற் கட்டளை, மெதுவாக ஓடு என்பதே.

“வேகமாக ஓடத்தானே அக்கா வந்திருக்கிறேன்?”

“ஏனென்று கேளுங்கள் தம்பி, சொல்லுகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் செய்யாதீர்கள்.”

கேட்டேன். தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குத்தான் காணும். தொடக்கத்திலே வேகங்காட்டினால் இன்னும் விரைவில் தீர்ந்துபோகும். பலமாதம் மெதுவாகவும் நெடுநேரமும் ஓடினால், தசைக்குள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும். கொழுப்பை எரித்துப் பிழைக்கவும் உடம்பு பழகும். நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த ஆர்தர் லிடியார்டு என்பவர், இதைத் தம் சொந்த உடம்பிலேயே சோதித்தறிந்து, தம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தார். அவரிடம் பழகிய பீட்டர் ஸ்னெல், 800 மீட்டர் ஓட்டக்காரராயிருந்தும், ஞாயிறுதோறும் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓடியவர். 1960 இல் ரோமில் தங்கம் வென்றார். இதில் மந்திரமும் இல்லை, பிறவிப் பெருமையும் இல்லை.

ஆனால், மெதுவாக ஓடுவதைப் போலக் கடினமானது வேறில்லை! கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். அதற்குக் குறைந்தால் அக்காவிடமிருந்து திட்டு. காலை ஐந்து மணிக்கு, இருள் பிரியாத வேளையில், செம்பனைகளுக்கு நடுவே போகும் மண்சாலையில் ஓடித் திரும்பி, கோப்பிக்கடையைக் கடக்கும்போது விடிந்திருக்கும். “என்ன அண்ணே, ஆமை முந்திவிடும் போலிருக்கிறதே!” என்பார்கள். சைக்கிளில் போகும் கிழவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக ஒருநாள் வேகங்கொடுத்து ஓடிக் கெண்டைத்தசையைப் பிடித்துக்கொண்டேன். பத்துநாள் ஓய்வு. அக்கா ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. கோப்பிக்கடைக்காரர்களா பந்தயத்தில் உங்களுக்காக ஓடப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலைதோறும் பள்ளித் திடலில் 800 மீட்டர் ஆறுமுறை வேகமாக ஓடவேண்டும். நடுவே மும்மூன்று நிமிடம் நடை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் 14 கிலோமீட்டரில் தொடங்கி 30 வரை ஏறிற்று. நம் நாட்டு வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடுகிறதென்று, தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பார்கள். பதினெட்டு வாரம் இப்படிக் கழிந்தது. சனிக்கிழமைகளில் கள் குடிக்கக் கூப்பிட்ட கூட்டாளிகள் தாமாகவே விலகிப் போனார்கள். அதில் வருத்தமும் இருந்தது.

மறுபடியும் கோலாலம்பூர். முதற்பாதியில் என்னை முந்திப் போனவர்கள் பல நூறு பேர். அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தேன். முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு, அவர்களில் பலர் சாலையோரத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். சென்ற தடவை நான் நடந்தது அப்படியே கண்ணில் பட்டது. முடித்தது 4 மணி 24 நிமிடம்.

தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்தபடி பதக்கத்தை வாங்கிப் பார்த்தார். எத்தனை கட்டை தூரம் என்று கேட்டார். இருபத்தாறு கட்டை என்றேன். இங்கிருந்து மலாக்காவுக்குப் போய்வந்தால்கூட அவ்வளவு இராதே என்று நெடுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவோ கணக்கைத்தான் கேட்டார்கள். முதற்பாதி 2 மணி 10, பிற்பாதி 2 மணி 14 என்றேன்.

“முதற்பாதியில் இன்னும் அவசரம் இருக்கிறது தம்பி. செவ்வாய்க்கிழமை திடலுக்கு வாருங்கள்.”

போனேன். பன்னிரண்டு வயதான என் மகளையும் அரைக்காற்சட்டையோடு அழைத்துக்கொண்டு போனேன்.