சமைக்காத சாப்பாடும் வெளியூர்ப் பயணமும்

சமைக்காத உணவு என்றால் அடுப்பேறாத உணவு. பழம், தேங்காய், கொட்டைகள், பச்சைக் காய்கறி, முளைகட்டிய பயறு இவையே அதில் பிரதானம். ஏறத்தாழ 40 முதல் 48 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு படாதவரை எதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இந்த வழியில் செல்வோரின் கணக்கு. தமிழ்நாட்டில் இதற்கு இயற்கை உணவு என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் இருக்கும்வரை இதைக் கடைப்பிடிப்பதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. ஊர்விட்டு ஊர் போகும்போதுதான் விரதம் சோதனைக்கு உள்ளாகிறது.

வழிச்சாப்பாடு என்று பழகியவை எல்லாமே வெந்தவை: புளியோதரை, தயிர்சாதம், எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்கூட வறுத்த கடலையும் காய்ச்சிய பாகும் சேர்ந்ததுதான். முந்திரிப்பருப்பு பச்சையாகத் தோன்றினாலும், ஓட்டை உடைப்பதற்கு முன்பே ஆவியிலோ வறுப்பிலோ சூடு கண்டிருக்கும். கண்டிப்பாகப் பார்த்தால் அவலும் தேறாது. ஊறிய நெல்லை வறுத்து இடித்தால்தான் அவல். ஆனாலும் இயற்கை உணவுக்காரர்களில் பலர் அவலை விடுவதில்லை. பயணத்தில் விடவும் தேவையில்லை. தண்ணீர் தெளித்தால் இளகிவிடும், தேங்காய்த் துருவல் சேர்ந்தால் ஒரு வேளை கழிந்துவிடும்.

பையில் முதல் இடம் வாழைப்பழத்துக்கு. கனிந்த சீப்பை வாங்கினால் இரண்டாம் நாளே துணிமணியெல்லாம் பழச்சாறாகும். இன்று உண்ண நான்கு பழம், மீதி செங்காய் என்று கலந்து வாங்குவதே அனுபவசாலிகளின் வழக்கம். வழியில் கிடைப்பவையும் குறைவில்லை: பேருந்து நிலையத்து வெள்ளரிப்பிஞ்சு, பழனிப் பக்கம் ஆயக்குடிக் கொய்யா, கோடையில் நுங்கு, எங்கும் இளநீர். இளநீரும் நுங்கும் கண்முன்னே சீவப்படுபவை, பிறர் கைபட்ட தண்ணீர் அவற்றுக்குள் போவதில்லை. நறுக்கித் தட்டில் அடுக்கிய பப்பாளியையோ ஐஸ் போட்ட கரும்புச்சாற்றையோ அப்படி நம்ப முடியாது. தோலுரித்துத் தின்னக்கூடியதை மட்டும் வெளியில் வாங்குவது என்ற ஒரே விதி பாதி வயிற்றுக் கோளாறைத் தவிர்க்கும்.

முளைப்பயறு விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இரவு ஊறவைத்த பாசிப்பயற்றை ஈரத்துணியில் முடிந்து பையில் போட்டால் மறுநாள் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். இடையிடையே நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் முடிச்சை அவிழ்க்கும்போதே புளித்த வாடை முகத்தில் அடிக்கும். விரலில் வழுவழுப்பு ஒட்டும். அதைத் தூக்கி எறிவதுதான் சரி. முளைக்கு ஏற்ற வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் ஈ. கோலை கிருமி பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விசாரணையில் சந்தேகம் வெந்தய முளையில் போய் நின்றது.

விமானத்தில் தேங்காய் ஒரு தனித் தலைவலி. கொப்பரையின் எண்ணெய்ச்சத்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. முழுத் தேங்காயையும் இந்திய விமானங்களில் கைப்பையில் அனுமதிப்பதில்லை. சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024 அக்டோபரில் பருவகால விலக்கு தரப்பட்டது. வெளிநாடு போனால் பழமும் சிக்கல்தான்: நியூசிலாந்தில் இறங்குவோர் பையில் மறந்துபோன ஒற்றை ஆப்பிளுக்குக்கூட 400 டாலர் அபராதம் கட்ட நேரிடும்.

சமைக்காத உணவுப் பழக்கத்தின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்பதைக் காந்தியின் பயணங்கள் நன்றாகக் காட்டுகின்றன. 1915இல் அவர் பழமும் கொட்டையும் மட்டுமே உண்பவராகக் கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசு வீட்டில் தங்கினார். ஊரில் கிடைத்த பழவகைகளும் கொட்டைகளும் அங்கு வந்து குவிந்தன. அந்த வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து கொட்டைகளின் தோலை உரித்தார்கள் என்று தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அடுப்பு மூட்டாத விருந்துக்குச் சமையலைவிடக் கூடுதல் வேலை! அதே ஆண்டு ஹரித்துவாரில் அவர் ஒரு விரதம் பூண்டார்: இந்தியாவில் இருக்கும்போது ஒரு நாளைக்கு ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை. விருந்தளிப்போரின் சிரமத்தைக் குறைப்பதும் அதன் நோக்கம்.

1929இல் அவர் சமைக்காத உணவைத் தீவிரமாகச் சோதித்து, அது பற்றி 'யங் இந்தியா' இதழிலும் எழுதினார். அதே ஆண்டிலேயே வயிற்றுக் கோளாறால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பிடிவாதத்துக்குப் பேர்போனவரே உடம்பு சொன்னதைக் கேட்டு நிறுத்தினார் என்பதைக் கொள்கைக்காரர்கள் அதிகம் எடுத்துச்சொல்வதில்லை.

விருந்தளிப்போருக்குச் சுமையாகாமல் இருக்க, உறவினர் வீட்டுக்குப் போகிறவர் தம் கத்தி, கிண்ணம், பயறு, பழம் எல்லாவற்றையும் தாமே கொண்டுபோய், தாமே நறுக்கிக்கொள்வது மரியாதை. அத்தை ஆசையாகச் செய்த அவியலை மறுப்பதாக இருந்தால், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். பந்தியில் உட்கார்ந்த பிறகு சொல்லக்கூடாது. இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு இந்த உணவு நன்றாகவே தாங்கும். அதற்கு மேல் நீண்டு, நல்ல தண்ணீரும் நம்பகமான பழமும் கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால், ஆவி பறக்கும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஊர் திரும்பியதும் விரதத்தைத் தொடருங்கள்.