தஞ்சை அரண்மனையில் ஒரு பகல்

சமீபத்தில் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போயிருந்தோம். நாயக்க மன்னர்கள் கட்டி, மராட்டிய மன்னர்கள் பெருக்கிய மாளிகை அது. நம் கண்ணில் முதலில் பட்டது தர்பார் மண்டபத்துச் சித்திரமல்ல. சுவர் வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்று! வீடென்றால் கூரை ஒழுகத்தான் செய்யும். அரண்மனையில் ஒழுகும் இடம் அதிகம், அவ்வளவே.

1855-ம் ஆண்டில் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றிக் காலமானார். கம்பெனியார் ராஜ்யத்தோடு குடும்பச் சொத்தையும் சேர்த்தே கைப்பற்றினார்கள். விதவை ராணி காமாட்சி பாயி நியாயம் கேட்டு லண்டன் வரை வழக்காடினார். 1859-ல் பிரிவி கௌன்ஸில் கையை விரித்துவிட்டது: ராஜாங்கச் செயலை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லையாம்! 1862-ல்தான் சர்க்கார் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதில் விலைமதிப்பற்றது சரஸ்வதி மஹால். சரபோஜி மன்னர் கண்ணெனக் காத்த ஏட்டுச் சுவடிகள். 1918-ல் குடும்பத்தார் அதைப் பராமரிப்புக்கென ஒரு லட்சம் ரூபாயும் சேர்த்துப் பொதுஜனங்களுக்கே அளித்துவிட்டனர். (இரவல் வாங்கிய புத்தகத்தையே திருப்பித் தராதவர்கள் நாம்!)

அவர்கள் சந்ததியார் இன்றும் அரண்மனையின் ஒரு பகுதியில் வசிக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. சுவடிகளைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினோம்.