வழிக்கற்களைத் தேடுதல்

ஊரினின்று ஊருக்கு நடந்து செல்வோன் வழியிடை வேண்டுவன மூன்று: தாகந் தீர்க்கத் தண்ணீர், இன்னும் எவ்வளவு தொலைவென்னுஞ் செய்தி, சுமையை இறக்கி வைக்க ஓரிடம். இம்மூன்றனையும் நம் முன்னோர் மறந்தாரல்லர். தண்ணீருக்குப் பந்தலிட்டனர், ஏனைய இரண்டிற்கும் கல் நாட்டினர். பந்தல் கோடைதோறும் தோன்றி மறைவது. கல்லோ தலைமுறை பல கடந்து நிற்பது. அவ்வாறு நிற்குமென்று நம்பி நாட்டப்பெற்ற கற்களுட் பல இன்று தம் இடத்தில் இல்லை. அவற்றைத் தேடித் திரிதல் சில ஆண்டுகளாக எமக்கு விடுமுறைத் தொழிலாயிற்று. அத்தேட்டத்தில் யாம் அறிந்தவற்றுட் சிலவற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

தொலைவு காட்டுங் கல் ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமையென்று எண்ணுவார் பலர். அஃது உண்மையன்று. தருமபுரி மாவட்டத்திற் கண்டெடுக்கப்பெற்ற, கி.பி. 13ஆம் நூற்றாண்டினதெனக் கொள்ளப்படும் கல்லொன்று, அதியமான் பெருவழியில் நாவல் தாவளத்திற்கு 29 காதம் உளதென்று அறிவிக்கின்றது. தாவளமென்பது வணிகர் கூட்டந் தங்கும் இடம். எழுத்தறிந்தார்க்கு எழுத்தாற் செய்தி சொன்னவர் எழுத்தறியாரையும் கைவிட்டிலர். இரண்டு பெருங்குழிகளையும் ஒன்பது சிறுகுழிகளையும் அக்கல்லிற் குடைந்து வைத்தனர். பெருங்குழி ஒவ்வொன்றும் பத்து; சிறுகுழி ஒவ்வொன்றும் ஒன்று. எண்ணத் தெரிந்த எவனும் தன் விரலால் தடவியே தொலைவை அறிந்துகொள்ளலாம். கல்லாதான்மேல் வைத்த இக்கருணையை நினைக்குந்தோறும் எம் உள்ளம் உருகுகின்றது.

கும்பினியார் காலத்தும் அதற்குப் பின்னரும் நெடுஞ்சாலைகளில் மைற்கற்கள் நாட்டப்பெற்றன. 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்திற்குப் பின்னர் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. பயனற்றன என்று கருதப்பட்ட பழங்கற்களுட் சில மண்ணிற் புதைந்தன; சில வேலிக்காலாயின; சில மாடு கட்டுந் தறியாயின.

இவற்றினும் எம் நெஞ்சைக் கவர்ந்தவை சுமைதாங்கிக் கற்களே. நட்ட கல் இரண்டின்மேற் கிடத்திய பலகைக்கல் ஒன்று. ஆள் மார்பளவு உயரம். தலைச்சுமையோடு வருவோன் பிறர் கைகொடாமலே சுமையை அதன்மேற் சரித்து வைத்து, இளைப்பாறி, மீண்டும் தானே தலைக்கேற்றிக்கொள்ளலாம். கருவுற்றிருந்து, பிள்ளை பெறாமலே இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நாட்டுதல் நம் நாட்டு வழக்கமாயிருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமற் சென்றவள் பெயரால் வழிப்போக்கரின் சுமையை இறக்கினால் அவள் உயிர் ஆறுதல் பெறுமென்பது பெரியோர் நம்பிக்கை. அரசர்க்குக் கோயிற் சுவர்களிற் கல்வெட்டுண்டு. எளிய குடியிற் பிறந்து இளமையில் மாண்ட பெண்ணுக்கு இச்சாலையோரக் கல்லன்றி வேறு வரலாறு ஏது?

இவற்றைத் தேடும் நெறி எளிது. பழைய நிலப்படத்தில் சாலை சென்ற தடத்தை முதலிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். புதுச்சாலை நேராக ஓட, பழஞ்சாலை புளியமரங்களோடு வளைந்து ஒதுங்கிக் கிடக்கும் இடங்களே தக்கன. சுமைதாங்கி என்னும் பெயர் ஊருக்கோ வயலுக்கோ வழங்குமாயின் அங்குக் கல் இருந்ததென ஐயுறலாம். ஆயினும் படத்தினும் சிறந்த துணை, வாசலில் அமர்ந்திருக்கும் முதியோரே.

அங்ஙனம் ஒருமுறை யாம் ஒரு கல்லைத் தேடி ஓர் ஊர்ப்புறஞ் சென்றோம். சாலையை அகலப்படுத்தியபோது அது பெயர்க்கப்பட்டதென்பது மட்டும் தெரிந்தது. எங்குச் சென்றதென்பதை இளைஞர் எவரும் அறிந்திலர். எண்பது வயதினளாகிய மூதாட்டி ஒருத்தி மட்டும் எம்மை வாய்க்காற் படித்துறைக்கு அழைத்துச் சென்று, பெண்டிர் துணி துவைக்குங் கல்லைக் காட்டினாள். யாம் குனிந்து பார்த்தோம். எழுத்துள்ள பக்கமே மேலே இருந்தது. ஆண்டுக்கணக்கான துவைப்பில் பெயரின் முற்பகுதி முற்றுந் தேய்ந்துபோயிற்று; 'அம்மாள்' என்னும் பிற்பகுதி மட்டும் நீருக்கடியில் மங்கித் தோன்றியது.

எம்முடன் வந்த நண்பர் மனம் நொந்து, "பாட்டி, இப்படிச் செய்யலாமா?" என்றார். மூதாட்டி சினந்திலள். "அவள் இன்றைக்கும் சும்மா இருக்கிறாளா, ஐயா? எங்கள் துணிச் சுமையைத் தாங்கிக்கொண்டுதானே கிடக்கிறாள்!" என்றாள். பிறகு சற்றே பேசாதிருந்து, "ஆனால் பேர்தான் போய்விட்டது" என்று முடித்தாள். அவள் கூற்றுக்கு விடையாக எம்மிடம் ஒரு சொல்லும் இல்லை.

அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவிடலாமென்றார் ஓர் இளைஞர். யாம் அதனை இகழ்ந்தோமல்லேம். மழைக்கும் மண்வெட்டிக்கும் தப்ப வேறு வழியில்லாதபோது அதுவே புகலிடம். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. கோயிற்சிலை எங்கு வைப்பினும் சிலையே. வழிக்கல்லின் செய்தியிற் பாதி அது நின்ற இடத்தில் உளது. 29 காதம் என்று சொல்லுங் கல் உலகில் ஓரிடத்தில் நின்றால்தான் மெய் சொல்லும். அதனை ஒரு காதந் தள்ளி நட்டாலும் பொய் சொல்லும். எனவே கல்லைக் காப்பதற்கு முன் இடத்தைக் குறித்தல் வேண்டும். எந்த மரத்திற்கு எத்திசை, எந்த மதகிற்கு எத்தனை அடி என்பதை யாரேனும் எழுதிவையாவிடின், கல் கிடைத்தும் வழி கிடையாது.

மூதாட்டி காட்டிய பழைய இடத்தை யாம் அளந்து எழுதிக்கொண்டோம். ஊரார் கூடிப் பேசி, படித்துறைக்கு வேறொரு கல் இட்டு, இதனைச் சாலையோரத்தில் இயன்ற அளவு பழைய இடத்தின் அருகே நிறுத்த இசைந்தனர். அவ்வாறே நிறுத்தியும் விட்டனர். தேய்ந்த பெயரை மீட்பார் எவருமிலர்.

யோர்தானைக் கடந்த இசுரவேலர் ஆற்றின் நடுவினின்று பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டிய வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறிவர். பிற்காலத்துப் பிள்ளைகள் இக்கற்கள் எற்றுக்கென்று வினவவேண்டும் என்பதே அவற்றை நாட்டியதன் நோக்கம். கல் தானாக ஒன்றுஞ் சொல்லாது. கேட்கும் பிள்ளையும் சொல்லும் முதியோரும் ஒருங்கே உள்ள வரையில்தான் அதற்கு வாயுண்டு. கோடை விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும் மாணவர், தத்தம் ஊர்ச் சாலையில் நின்ற கற்களைப் பற்றித் தம் பாட்டியரிடம் இவ்வாண்டே கேட்பாராக. கல் இன்னும் சிலகாலம் பொறுத்திருக்கும், பாட்டியர் பொறுத்திரார்.