இடம் மாறும் புள்ளிகள்

காட்டுவதற்கே அன்றி மறைப்பதற்கும் கணிப்பொறி பயன்படும் என்பதை எம் இல்லத்திலேயே கண்டோம்.

எம் அன்னையார் நிழற்படம் எடுத்துக்கொள்ள விரும்பாதவர். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சென்றிருந்தபோது, கடற்கரைக் கோயில் பின்னணியில் எடுத்த படம் ஒன்றே எம்மிடம் உள்ளது. "வீட்டார் மட்டும் பார்த்தால் போதும்" என்பது அவர்தம் வாக்கு. அவர் மறைந்த பின்னர் அப்படத்தைக் கணிப்பொறியில் சேர்த்தோம். பிறர் கண்ணிற்படாது அதனைக் காக்கும் பொறுப்பைக் கணிப்பொறியியல் பயிலும் எம் மகள் ஏற்றாள்.

நீளத்தில் 256, அகலத்தில் 256 என அப்படத்தில் 65,536 புள்ளிகள். அதனை நான்கு கட்டங்களாகப் பகுத்து, மூலைக்கு மூலை எதிரெதிர்க் கட்டங்களை இடம் மாற்றினாள். பின்னர் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காக்கி அதனையே செய்தாள். இவ்வாறு ஒரு செயல் தனக்குள் தன்னையே மீண்டும் அழைப்பதைத் தற்சுழற்சி என்பர். நான்காம் படியில் படம் 256 துண்டுகளாகச் சிதறித் தோன்றியது. எட்டாம் படியில், புள்ளிகளே ஒன்றோடொன்று இடம் மாறி முடிந்தபோதோ, முழுப்படமும் தலைகீழாக நின்றது! மறைந்தது எதுவுமில்லை.

தமிழ் பயின்றார்க்கு இது புதிதன்று. ஓர் எழுத்து வரிசையை இரு பாதியாக்கி இடம் மாற்றி, ஒவ்வொரு பாதியிலும் அதனையே தொடர்ந்து செய்தால் கடை முதலாகும், முதல் கடையாகும். 'விகடகவி' என்னும் சொல் அங்ஙனம் மாற்றினும் மாறாது. தண்டியலங்காரம் கூறும் மாலைமாற்று இவ்வியல்பினதே. அவ்வகையில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியுள்ளார்.

ஒழுங்காகவே மாற்றினால் ஒழுங்கே மிஞ்சும். எனவே எந்தக் கட்டத்தை மாற்றுவது, எதனை விடுவது என்பதை ஒரு திறவுச்சொல் முடிவு செய்யுமாறு எம் மகள் திருத்தினாள். படம் கலைந்தது, திறவுச்சொல்லால் மீண்டது. எனினும் புள்ளிகள் இடம் மாறினவேயன்றி நிறம் மாறவில்லை. இருந்த நிறங்களனைத்தும் இருந்த அளவிலேயே இருந்தமையால், வல்லார்க்கு அவை துப்பாகும். ஆதலின் 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறையையே இறுதியில் கைக்கொண்டோம். அம்முறை இடத்தோடு மதிப்பையும் மாற்றுவது.

முறையை உலகறிந்தாலும் திறவுகோல் ஒன்றே மறைவாயிருத்தல் வேண்டும் என்று 1883இல் கெர்க்கோஃப்ஸ் என்னும் அறிஞர் எழுதினார். மாணவச் செல்வங்கள் தம் இல்லத்துப் படங்களைக் கைப்பேசியில் சேர்க்குமுன் இதனை எண்ணுக. திறவுச்சொல்லை நம்பத்தக்க ஒருவரிடமேனும் சொல்லி வைக்க. அது தொலைந்தால் படம் பிறர்க்கு மட்டுமன்றி நமக்கும் மறைந்தே போகும்.