சாக மறுத்த ஜமீன்தார்

ஸ்ரீதர் இயக்கி 1963இல் வந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’யை எல்லோரும் மறுபிறவிக் காதல் படமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் பாட்டு அப்படி நினைக்க வைத்துவிட்டது. கறுப்பு வெள்ளைக் காலத்துத் தமிழில் டிராகுலாவுக்கு மிக அருகில் போன படம் அதுதான் என்பது என் கட்சி. கல்யாண்குமார் முன்பிறவியில் ஜமீன்தார் மகன்; தேவிகா ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண். அந்தக் காதலைக் கொன்ற ஜமீன்தார் நம்பியார். காதலர் இருவரும் செத்து, வேறு வயிறுகளில் பிறந்து, வளர்ந்து, பழைய இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். ஜமீன்தார் மட்டும் மறுபடி பிறக்கவில்லை. அவர் சாகவே இல்லையே! நூறு வயதைத் தாண்டியும் பழைய வன்மம் தணியாமல் காத்திருக்கிறார். இடிந்த கட்டடத்தையும் அந்தக் கிழட்டு முகத்தையும் வின்சென்டின் கேமரா இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுக்கிறது. அடுத்த ஆண்டே ‘பார்கவி நிலையம்’ என்ற மலையாளப் பேய்ப்படத்தை இயக்கப்போகிறவரின் கண் அது. படத்தில் பயம் வருவது மறுபிறவியால் அல்ல, சாகாத அந்த ஒருவரால்.

ரத்தம் குடிக்காதவனை எப்படி டிராகுலா என்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட மாமல்லபுரம் போக வேண்டும். திரௌபதி ரதத்தின் உள்ளே பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். அவள் காலடியில் மண்டியிட்ட ஒருவன் தன் முடியை ஒரு கையால் பற்றி, மறு கையால் வாளைத் தன் கழுத்தில் வைத்திருக்கிறான். முகத்தில் பதற்றம் இல்லை. வராக மண்டபத்துக் கொற்றவையின் காலடியிலும் மண்டியிட்ட பக்தர்கள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில், கடற்கரையில், பட்டப்பகலில் நடந்த விஷயம் இது. பரணி இலக்கியத்தில் பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டி ரத்தக் கூழ் காய்ச்சிப் பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. தெய்வம் ரத்தம் கேட்பதும் பேய் ரத்தம் குடிப்பதும் நம்மிடம் ஊரறிந்த சங்கதி. ஐரோப்பாவில் அது நள்ளிரவில் படுக்கையறைக்குள் ஒளிந்து செய்யும் பாவம். அதனால் அங்கே கோரைப்பல்லே பயத்துக்குப் போதும். அந்தப் பல்லை அப்படியே நம்பியாருக்கு ஒட்டியிருந்தால் கொட்டகையில் சிரிப்புதான் எழுந்திருக்கும். ஸ்ரீதர் பல்லை விட்டுவிட்டார். விட்டதால் எதுவும் குறையவில்லை.

ஏனென்றால் டிராகுலாவின் சாரம் பல்லில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலைத் திறந்தால் முதலில் வருவது ஒரு சொத்துக் கிரயம். பிரபுவுக்கு லண்டனில் வீடு வாங்கிக் கொடுக்க ஒரு வக்கீல் மலையேறிப் போகிறான். முர்னாவின் ‘நாஸ்ஃபெராட்டு’ (1922), பெலா லுகோசி நடித்த ‘டிராகுலா’ (1931) இரண்டும் அதே வீட்டுக் காகிதத்தோடுதான் தொடங்குகின்றன. அந்தப் பிரபுவால் எங்கும் சும்மா படுத்துவிட முடியாது. சொந்த ஊர் மண்ணைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போய் அதில்தான் படுக்க வேண்டும். நிலத்தை விடவும் மாட்டான், சாகவும் மாட்டான், சின்ன வயதுக்காரர்களின் உயிரை உறிஞ்சித் தன் காலத்தை நீட்டிக்கொள்வான். இதற்கு நம் ஊரில் தனியாக ஓர் உருவம் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

அந்த மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டுச் சீமையின் வரலாறே அதற்குச் சாட்சி. ஆற்காட்டு நவாபிடமிருந்து 1763இல் ஜாகீராகக் கைமாறிய இந்த மண்ணை 1802இல் மிட்டா எனும் சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. மிட்டாதார்கள் பலர் நொடித்துப் போனார்கள். ஊர் நிலத்தின் மேல் பரம்பரையாக வந்த மிராசு உரிமை மட்டும் போகவில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கை, உழுகிறவனுக்குக் குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், தரிசு நிலத்தை அவன் கேட்டால் மிராசுதார் குறுக்கே நிற்பதையும் அடுக்கடுக்காகக் காட்டியது. அதன் பேரில்தான் 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வர 1948 ஆனது. சட்டத்தில் ஜமீன்தார் செத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, திரையில் ஒரு ஜமீன்தார் சாகாமல் உட்கார்ந்திருக்கிறார். இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஸ்ரீதர் அரசியல் பேச வந்தவரல்ல, பிமல் ராயின் இந்தி மறுபிறவிப் படமான ‘மதுமதி’ (1958) போட்ட பாதையில்தான் நடந்தார் என்று சொல்வார்கள். இருக்கட்டும். ‘மதுமதி’யிலும் ஏழைப் பெண்ணைக் குலைக்கிறவன் ஒரு ஜமீன் முதலாளிதான். ஆனால் அங்கே அவன் கணக்கு அந்தப் பிறவியோடு முடிந்துவிடுகிறது. காதலர்களை அடுத்த பிறவிவரை உயிரோடு துரத்துகிற கிழவன் தமிழ்ப் படத்தில்தான் இருக்கிறான். இயக்குநர் நினைத்துச் செய்தாரா என்பது இரண்டாம் பட்சம். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கிழவனை அடையாளம் தெரிந்திருக்கும். 1966இல் வந்த ‘யார் நீ?’யைப் பாருங்கள். வெள்ளைப் புடவைப் பேயாக வரும் ஜெயலலிதாவின் பின்னால் கடைசியில் இருப்பது சொத்தாசை. நம் கறுப்பு வெள்ளைப் பேயைத் தோண்டினால் பெரும்பாலும் ஒரு சொத்து விவகாரம் கிடைக்கிறது.

‘நெஞ்சம் மறப்பதில்லை’ மேல் எனக்குள்ள குறையும் இந்தச் சொத்து விவகாரத்தில்தான். ஜமீன்தாரின் அந்தஸ்து வெறியைக் காட்டிய அளவுக்கு அந்தப் பெண்ணின் தகப்பன் யார் நிலத்தை உழுதான், அறுவடையில் அவனுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று படம் கேட்கவில்லை. காதல் கைகூடியதும் கணக்குத் தீர்ந்ததாக விட்டுவிடுகிறது. வெளியே கணக்குத் தீரவில்லை. 1892இல் கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்டு இதே செங்கல்பட்டுப் பகுதியில் காரணை கிராமத்து மக்கள் 1994இல் போராடினார்கள். அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். பஞ்சமி நிலத்தை மீட்கச் சொல்லும் மனுக்கள் அதற்குப் பிறகும் நின்றபாடில்லை.