இருநூறு கிராம் கூடுதல்

சென்னை அண்ணா சாலையில் ஒரு கடை. 2021 அக்டோபரில் ஆப்பிள் அறிவித்த புது வடிவ மேக்புக் ப்ரோ மேசை மேல் திறந்திருந்தது. வாங்க வந்தவர் நான் இல்லை, கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் நண்பர். பார்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்து வந்தார்.

மூடியைச் சாத்தித் தூக்கினேன். 14 அங்குல மாடல், 1.6 கிலோ. பழைய 13 அங்குல ப்ரோவைவிட ஏறக்குறைய 200 கிராம் கூடுதல். தடிமன் அதே அளவுதான். ஆனால் பழையதன் அடிவிளிம்பு சரிந்து மெலியும். இது செங்கல் மாதிரி நேராக நிற்பதால் கைக்குப் பருமனாகத் தெரிகிறது.

நண்பர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வலது பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டி கார்டு ஸ்லாட், எச்டிஎம்ஐ. 2016-இல் ஆப்பிள் எடுத்துவிட்ட இரண்டும் திரும்ப வந்திருக்கின்றன. இடது பக்கத்தில், கால் தட்டினால் கழன்றுவிடும் காந்த சார்ஜரும்.

“இனிமே டாங்கிளைத் தேடி மண்டபம் பூரா அலைய வேண்டாம்” என்றார்.

எச்டிஎம்ஐ 2.0தான், 4கே படம் நொடிக்கு 60 பிரேம் வரை போகும். மண்டபத் திரைக்கு அது தாராளம்.

விசைப்பலகையில் டச் பார் போய், தட்டினால் அமுங்கும் எஃப் விசைகள் முழு உயரத்தில் வந்துவிட்டன. திரை 120 ஹெர்ட்ஸ். பக்கத்தை உருட்டும்போது எழுத்து கலங்கவில்லை. மேல் நடுவில் கறுப்பாக ஒரு வெட்டு. அதில் இருப்பது 1080பி கேமரா. முகம் பார்த்துத் திறக்கும் வசதி கிடையாது, விரல் வைக்க வேண்டும். வெட்டின் இரு புறமும் மெனு வரிசை ஓடுவதால் படத்தின் பரப்பு குறையவில்லை.

விலை அப்போது, 2021-இல், ₹1,94,900 முதல் இருந்தது. அதே மேசையில் எம்1 மேக்புக் ஏர் ₹92,900, எடை 1.29 கிலோ. ஏறத்தாழ பாதி விலை.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. ஏரில் ஸ்லாட் இல்லாத குறையைச் சில ஆயிரம் ரூபாய் டாங்கிள் தீர்த்துவிடும். இடம் போதாவிட்டால் வெளி டிஸ்க் வாங்கலாம். ராம் மட்டும் சிப்போடு சேர்ந்தே வருவது. வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசி வரை. ப்ரோவில் அது 16 ஜிபியில் தொடங்கியது, ஏரில் 8 ஜிபியில்.

“ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை கார்டு நிரம்பும்?” என்று கேட்டேன்.

“64 ஜிபி கார்டு நாலு.”

256 ஜிபி. ப்ரோவின் 512 ஜிபி டிஸ்கில் சரிபாதி ஒரே கல்யாணத்துக்குப் போய்விடும். எப்படியும் வெளி டிஸ்க் வாங்கத்தான் வேண்டும்.

தினமும் கார்டு செருகி, வீடியோ வெட்டி, அந்த வேலையிலேயே சம்பாதிப்பவருக்கு இந்த எடையும் விலையும் தகும். நண்பரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எனக்கு எழுத்து வேலைதான்; நான் வாங்குவதானால் ஏரை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் முதலில் ராமைத்தான் 16 ஜிபி ஆக்கிக்கொள்வேன்.